கோபம் அடங்கிய பிறகே பாடம்

 



இன்றைய ஜும்ஆவில் சிறு பிள்ளைகளின் தர்பியத்தைப் பற்றி, குறிப்பாக அவர்களுடைய அழுகை, கோபம், பிடிவாதம், பயம் இவற்றை நாம் எப்படிக் கையாள வேண்டும் என்பதைப் பற்றிப் பேச நிய்யத் வைத்திருக்கிறேன். ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன்னால் என்னுடைய குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பதிமூன்று வருடங்களுக்கு முன் நான் வேறோர் ஊரில் இமாமாக இருந்தேன். ரமலான் மாதம். தராவீஹ் தொழுகை நடந்துகொண்டிருக்கிறது. பின் ஸஃப்பில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் ஓடுகிறான், வழுக்குகிறான், சிரிக்கிறான். எனக்கு ஓதும்போது ஓரிடத்தில் தடுமாறிவிட்டது. ஸலாம் கொடுத்த கையோடு திரும்பினேன். சட்டையில் மைக் இருக்கிறது. "இந்தப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்தது யாரு? வெளிய கொண்டு போங்க!" என்று கத்திவிட்டேன். பள்ளிவாசலின் நான்கு ஒலிபெருக்கிகளிலும் அந்தச் சத்தம் எதிரொலித்தது.

அந்தப் பையன் அப்படியே நின்றான். பிறகு அழுதுகொண்டே தன் பாட்டனாரின் காலைக் கட்டிக்கொண்டான். பயத்தில் அவன் நின்ற இடம் நனைந்துவிட்டது. எழுபது வயதுப் பெரியவர் அவர். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கீழே துடைத்தார். பேரனைத் தூக்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனார். அன்று நான் ஓதிய பகுதியில் அல்லாஹ்வின் ரஹ்மத்தைப் பற்றிய வசனங்களும் இருந்தன.

அந்த ரமலானில் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. பெருநாளுக்குப் பிறகு ஒருநாள் தெருவில் பாட்டனாரும் பேரனும் எதிரே வந்தார்கள். என்னைப் பார்த்ததும் பையன் அவருடைய கைலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாங்கு சத்தம் கேட்டாலே, 'நன்னா, அந்த அஜரத்து இருப்பாரா'ன்னு கேக்குறான் ஹஜ்ரத்."

எனக்குப் பதில் வரவில்லை. அரபிக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதியவன் நான். நபி (ஸல்) அவர்கள் குழந்தைகளிடம் நடந்துகொண்ட ஹதீஸ்களை உஸ்தாதுக்கு முன்னால் உட்கார்ந்து பாடமாக ஓதியவன். பாங்கு சத்தம் கேட்டால் சந்தோஷப்பட வேண்டிய ஒரு பிள்ளையின் உள்ளத்தில், பாங்கு கேட்டாலே பயம் வரும்படி செய்துவிட்டேன். அந்தப் பிள்ளை பிறகு என்ன ஆனான் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

அழுகையும் கோபமும் குற்றமா?

அன்பானவர்களே! நம் வீடுகளில் பிள்ளை அழுதால் நாம் முதலில் சொல்லும் வார்த்தை என்ன? "அழாதே!" ஆண் பிள்ளையாக இருந்தால், "ஆம்பளப் புள்ள அழலாமா?" பிள்ளை பயந்தால், "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" கோபப்பட்டால், "உனக்கு எங்கிருந்து இவ்வளவு கோபம் வருது?" எங்கிருந்து வருகிறது என்பது கேட்கும் நமக்கே தெரியும்! அது வேறு விஷயம்.

மார்க்கம் உணர்வைக் குற்றமாகப் பார்க்கவில்லை. நபி (ஸல்) அவர்களின் அன்பு மகனார் இப்ராஹீம் பச்சிளம் பருவத்தில் உயிர் பிரியும் நேரத்தில் நாயகம் (ஸல்) அவர்களின் கண்கள் கண்ணீர் வடித்தன. தாங்களுமா அழுகிறீர்கள் என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வியந்து கேட்டார்கள். அது இரக்கம் என்று பதில் சொன்னார்கள். கண் அழுகிறது, உள்ளம் கவலைப்படுகிறது, ஆனாலும் இறைவனுக்குப் பொருத்தமானதைத் தவிர வேறெதையும் நாவால் சொல்ல மாட்டோம் என்ற கருத்தையும் விளக்கினார்கள். புகாரியில் இந்தச் செய்தி பதிவாகியிருக்கிறது.

இதில் நமக்கு ஒரு பெரிய சட்டமே இருக்கிறது. உள்ளத்தில் எழும் உணர்வுக்குத் தடையில்லை. அந்த உணர்வு நாவிலும் கையிலும் எப்படி வெளியாகிறது என்பதற்குத்தான் எல்லை. இதையே பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். கோபம் வரலாம், தங்கச்சியை அடிக்கக் கூடாது. அழலாம், தட்டைத் தூக்கி எறியக் கூடாது. நாமோ தலைகீழாகச் செய்கிறோம். எறிந்த தட்டைச் சிரித்துக்கொண்டே எடுத்து வைக்கிறோம், அழுகையைத்தான் அடித்து நிறுத்துகிறோம்.

பிள்ளையின் உணர்வை நாயகம் (ஸல்) அவர்கள் எப்படி மதித்தார்கள் என்று பாருங்கள். அனஸ் (ரலி) அவர்களுக்கு ஒரு குட்டித் தம்பி. அபூஉமைர் என்று அழைப்பார்கள். அந்தச் சிறுவர் ஒரு சின்னஞ்சிறு குருவி வைத்து விளையாடுவார். அரபியில் அதற்கு நுகைர் என்று பெயர். ஒருநாள் குருவி செத்துப் போய்விட்டது. சிறுவர் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கு வந்த நாயகம் (ஸல்) அவர்கள், பிள்ளை ஏன் கவலையாக இருக்கிறது என்று விசாரித்தார்கள். பிறகு அவர் பெயரோடு குருவியின் பெயரும் எதுகையாக வரும்படி, அபூஉமைரே, நுகைர் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள்.

மதீனாவின் தலைவர் அவர்கள். போர்களும் தூதுக்குழுக்களும் வழக்குகளும் அவர்களுடைய பொறுப்பில் இருந்தன. அதற்கு நடுவில் ஒரு குழந்தையின் குருவிக்காகத் துக்கம் விசாரிக்கிறார்கள். 'ஒரு குருவிதானே, வேறு வாங்கித் தருகிறேன், எழுந்திரு' என்று சொல்லவில்லை. நமக்கு அது குருவி. அந்தப் பிள்ளைக்கு அதுதான் உலகம். உடைந்த பொம்மைக்காகவும், தீர்ந்துபோன ஐஸ்கிரீமுக்காகவும் பிள்ளை அழும்போது இந்த ஹதீஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோபத்தில் காது கேட்காது

அடுத்து முக்கியமான செய்தி. பிள்ளை தரையில் புரண்டு கத்திக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் நமக்குப் புத்திமதி சொல்லத் தோன்றுகிறது. "இப்படிச் செய்யலாமா? நேத்து என்ன சொன்னேன்? அல்லாஹ் கோபப்படுவான்ல?" என்று பிரசங்கம் செய்கிறோம். ஒரு வார்த்தையும் உள்ளே போவதில்லை. ஏன்?

அபூமஸ்ஊத் (ரலி) அவர்கள் தம் வாழ்வில் நடந்ததைத் தாமே சொல்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அவர்கள் தம்முடைய அடிமை ஒருவரைச் சாட்டையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து, அபூமஸ்ஊதே, தெரிந்துகொள் என்று ஒரு சப்தம் கேட்டது. கோபத்தில் இருந்ததால் அது யாருடைய குரல் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. அருகில் நெருங்கி வந்த பிறகுதான் தெரிந்தது, அழைத்தது அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள்! இந்த அடிமையின் மீது உனக்கு இருக்கும் சக்தியைவிட, உன் மீது அல்லாஹ்வுக்கு இருக்கும் சக்தி அதிகம் என்ற கருத்தை நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். சாட்டை கையிலிருந்து விழுந்தது. இனி எந்த அடிமையையும் அடிக்க மாட்டேன் என்று அபூமஸ்ஊத் (ரலி) அவர்கள் உறுதி சொன்னார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! உலகத்திலேயே அவர்களுக்குப் பிரியமான குரல் நாயகம் (ஸல்) அவர்களுடைய குரல். அடையாளம் தெரியாமல் போகக் கூடிய குரலா அது? கோபம் காதை அடைத்துவிட்டது. வளர்ந்த மனிதர், மார்க்கம் அறிந்த ஸஹாபி, அவருக்கே கோபத்தில் அந்தக் குரல் விளங்கவில்லை என்றால், நான்கு வயதுப் பிள்ளை கோபத்தில் இருக்கும்போது உங்கள் உபதேசமும் என் உபதேசமும் எப்படி அதன் காதில் விழும்?

குர்ஆனிலும் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. மூஸா (அலை) அவர்கள் தூர் மலையிலிருந்து திரும்பி வந்தபோது தம் சமூகம் காளைக்கன்றை வணங்கியதைக் கண்டார்கள். அல்லாஹ்வுக்காக வந்த கோபம் அது. கையிலிருந்த பலகைகளைப் போட்டுவிட்டார்கள். பிறகு என்ன நடந்தது என்பதை அஃராஃப் அத்தியாயத்தின் 154வது வசனத்தில் அல்லாஹ் சொல்லும்போது, கோபம் தணிந்தது என்பதற்கு 'ஸகத' என்ற சொல்லைக் கையாள்கிறான். ஸகத என்றால் வாய் மூடியது, மௌனமானது என்று பொருள். அதாவது, அதுவரை கோபம்தான் பேசிக்கொண்டிருந்தது. கோபம் மௌனமானதும் பலகைகளைக் கையில் எடுத்தார்கள். அவற்றில் நேர்வழியும் அருளும் எழுதப்பட்டிருந்தன என்று அல்லாஹ் தொடர்ந்து சொல்கிறான்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் கோபம் மௌனமாகிறது. அதற்குப் பிறகு ஹிதாயத்துடைய பலகை கைக்கு வருகிறது. நபிமார்களின் கோபம் அல்லாஹ்வுக்காக. நம்முடைய கோபமோ கொட்டிய பாலுக்காக. ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும். கோபம் பேசும் நேரம் பாடம் நடத்தும் நேரமல்ல. நம் கோபமும் அடங்க வேண்டும், பிள்ளையின் கோபமும் அடங்க வேண்டும். பிறகுதான் பாடம்.

முதலில் நம்முடைய கோபம்

பிள்ளைக்குக் கோபத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லிக் கொடுப்பது யார்? அதைத் தானே கட்டுப்படுத்தத் தெரிந்தவர். உபதேசம் கேட்டு வந்த ஒரு மனிதருக்கு, கோபப்படாதே என்ற ஒரே செய்தியை நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மல்யுத்தத்தில் சாய்ப்பவன் வீரனல்ல, கோபத்தின்போது தன்னைக் கட்டுப்படுத்துபவனே வீரன் என்றும் விளக்கினார்கள். இரண்டும் புகாரியில் உள்ளவை. பிள்ளை நம்மைவிடப் பலவீனமானது. அதனிடம் நம் பலத்தைக் காட்டுவதில் என்ன வீரம் இருக்கிறது?

கோபம் வந்தால் செய்ய வேண்டியதையும் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித் தந்திருக்கிறார்கள். அஊது ஓதிப் பாதுகாவல் தேட வேண்டும். வாயை மூடிக்கொள்ள வேண்டும். நின்றுகொண்டிருந்தால் உட்கார வேண்டும். அப்படியும் போகாவிட்டால் படுத்துக்கொள்ள வேண்டும். அபூதாவூதில் வரும் மற்றோர் அறிவிப்பில் ஒளுச் செய்யும்படி சொல்லப்பட்டிருக்கிறது.

இதைப் பிள்ளை விஷயத்தில் செய்து பாருங்கள். பிள்ளை கத்துகிறது. நீங்கள் நின்றுகொண்டு, ஐந்தரை அடி உயரத்திலிருந்து, விரலை நீட்டிக் கத்தினால் அந்தக் குழந்தையின் கண்ணுக்கு நீங்கள் எப்படித் தெரிவீர்கள்? உட்காருங்கள். தரையில் உட்காருங்கள். உட்கார்ந்தால் உங்கள் கோபமும் குறைகிறது, உங்கள் முகமும் பிள்ளையின் முகத்துக்கு நேராக வருகிறது. ஒரு சுன்னத், இரண்டு பலன்! வாயை மூடுங்கள். பிள்ளை தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தாமல் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள். புயல் சற்று ஓய்ந்ததும் தண்ணீர் கொடுங்கள், முகம் கழுவி விடுங்கள். பிறகு, "அண்ணன் வண்டியைப் பிடுங்கிட்டான்னு கோபம் வந்துருச்சா?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்குக் கோபம் இருக்கிறது, அதைச் சொல்ல வார்த்தை இல்லை. வார்த்தை இல்லாததால்தான் கடிக்கிறது, அடிக்கிறது, எறிகிறது. அந்த வார்த்தையை நாம்தான் கொடுக்க வேண்டும்.

நாற்பது வயதில் எனக்குக் கோபத்தை அடக்க முடியவில்லை. நான்கு வயதில் என் பிள்ளை அடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். இது நியாயமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கல்யாண மண்டபத்தில் பிள்ளை அடம்பிடிக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் சாக்லேட் வரிசைக்கு முன்னால் படுத்துவிடுகிறது. பார்ப்பவர்கள் பார்க்கிறார்கள். நமக்கு அவமானமாக இருக்கிறது. முதுகில் இரண்டு வைக்கிறோம். அந்த அடி பிள்ளையைத் திருத்துவதற்காகவா, பார்ப்பவர்களுக்குக் காட்டுவதற்காகவா? அமலில் முகஸ்துதி கூடாது என்று பயான் செய்கிறோம். பிள்ளையை அடிப்பதிலும் முகஸ்துதி வந்துவிடுகிறது, கவனமாக இருக்க வேண்டும்.

நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லிக் கொடுத்த விதம்

அப்படியானால் பிள்ளை செய்வதையெல்லாம் விட்டுவிடுவதா? இல்லை. தவறைத் திருத்த வேண்டும், எல்லையும் வைக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது? மூன்று நிகழ்ச்சிகள்.

முதலாவது, உமர் இப்னு அபீஸலமா (ரலி). உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகன், நாயகம் (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த சிறுவர். ஒரே தட்டில் சாப்பிடும்போது அவருடைய கை தட்டெல்லாம் சுற்றி வரும். நாயகம் (ஸல்) அவர்கள் மூன்றே விஷயங்களைச் சொன்னார்கள்: பிஸ்மில்லாஹ் சொல்வது, வலக் கையால் சாப்பிடுவது, தனக்கு அருகில் இருப்பதிலிருந்து எடுப்பது. அவ்வளவுதான். 'உனக்கு எத்தனை தடவை சொல்வது?' என்று சொல்லவில்லை. 'உன் வயதுப் பிள்ளைகளைப் பார்' என்றும் சொல்லவில்லை. செய்யக் கூடாததை இடித்துக் காட்டாமல், செய்ய வேண்டியதைச் சொன்னார்கள். அன்று முதல் என் சாப்பாட்டு முறை அதுவாகவே ஆகிவிட்டது என்று அவர் பெரியவரான பிறகு சொல்கிறார். சிறு வயதில் பக்குவமாகச் சொன்னது ஆயுள் முழுவதும் நின்றது.

இரண்டாவது, பேரர் ஹஸன் (ரலி). ஸதகாவாக வந்த பேரீச்சம் பழக் குவியலிலிருந்து ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நாயகம் (ஸல்) அவர்களின் குடும்பத்துக்கு ஸதகா ஆகுமானதல்ல. 'கிக், கிக்' என்று குழந்தை மொழியிலேயே சொல்லித் துப்ப வைத்தார்கள். நாம் ஸதகாவைச் சாப்பிட மாட்டோம் என்பது உனக்குத் தெரியாதா என்றும் கேட்டார்கள். இங்கே பாசம் இருக்கிறது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. சின்னப் பிள்ளைதானே, ஒரு பழம்தானே என்று இருந்துவிடவில்லை. காரணத்தையும் சொன்னார்கள். 'நாம்' என்று தம்மையும் சேர்த்துச் சொன்னார்கள். "நம்ம வீட்ல யாரும் யாரையும் அடிக்க மாட்டோம்" என்று சொல்லிப் பாருங்கள். சொல்வதற்கு முன் அது உண்மையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அனஸ் (ரலி). சிறுவராக இருந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். போக மாட்டேன் என்று வாய் சொன்னது. ஆனால் போக வேண்டும் என்றுதான் மனதில் இருந்தது என்று அவர்களே சொல்கிறார்கள். பிள்ளை வாயால் 'மாட்டேன்' என்று சொல்லும்போது மனதில் 'மாட்டேன்' இருக்க வேண்டும் என்பதில்லை. கிளம்பிப் போனவர் கடைவீதியில் விளையாடும் சிறுவர்களோடு நின்றுவிட்டார். பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடிக்கிறார்கள். திரும்பினால் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். உனைஸ் என்று செல்லமாகக் கூப்பிட்டு, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்டார்கள். இதோ போகிறேன் என்று கிளம்பிவிட்டார். வேலையும் நடந்தது, பிள்ளையின் மனமும் உடையவில்லை. பத்து வருடப் பணிவிடையில் ஒருமுறைகூட 'சீ' என்று தம்மைச் சொன்னதில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் சாட்சி சொல்கிறார்கள்.

'பத்து வயதில் அடிக்கச் சொல்லியிருக்கிறதே ஹஜ்ரத்?'

இந்தத் தலைப்பில் எப்போது பேசினாலும் இந்தக் கேள்வி வரும். தொழுகை விஷயமாக அபூதாவூதில் வரும் ஹதீஸ் அது. ஏழு வயதில் ஏவ வேண்டும். பத்து வயதிலும் தொழாவிட்டால் அடிக்க வேண்டும் என்ற கருத்து அதில் வருகிறது. பிந்திய பாதியை மட்டும் நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். முந்திய பாதியைக் கணக்கிடுங்கள். ஏழிலிருந்து பத்து வரை மூன்று வருடம். தினம் ஐந்து நேரம். ஐயாயிரத்துக்கும் அதிகமான முறை அன்போடு அழைக்க வேண்டும். அழைத்தோமா? ஃபஜ்ருக்கு நாமே எழுந்தோமா? அந்த அடிக்கும்கூட முகத்தில் படக் கூடாது, காயமோ தழும்போ உண்டாக்கக் கூடாது என்றெல்லாம் ஃபுகஹாக்கள் நிபந்தனை விதித்திருக்கிறார்கள். தொழுகை எனும் ஃபர்ளுக்காகப் பத்து வயதில் சொல்லப்பட்டதை, பால் குடிக்காததற்காக மூன்று வயதுப் பிள்ளையிடம் காட்டுவதற்கு மார்க்கத்தில் ஆதாரமில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் போர்க்களத்தைத் தவிர வேறெங்கும் எவரையும் தம் கையால் அடித்ததே இல்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்த வீட்டில் பிள்ளைகளும் வளர்ந்தார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

நம் வீடுகளில் நடக்கும் நான்கு தவறுகள்

ஒன்று, பொய் வாக்குறுதி. "அழுகையை நிறுத்து, சாயங்காலம் பீச்சுக்குப் போகலாம்." சாயங்காலம் போவதில்லை. ஒரு தாய் தன் பிள்ளையை, வா, ஒன்று தருகிறேன் என்று அழைத்தார். என்ன தரப்போகிறாய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். பேரீச்சம் பழம் என்றார். ஒன்றும் தராமல் இருந்திருந்தால் உன் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். இது அபூதாவூதில் வருகிறது. "பூச்சாண்டி வருவான், போலீஸ் பிடிச்சிட்டுப் போகும்" என்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இரண்டு, சாபம். "நாசமாப் போறவனே", "ஷைத்தான் பயலே" என்ற வார்த்தைகள் நம் வீடுகளில் சர்வசாதாரணம். பிள்ளைகளுக்கு எதிராகத் துஆச் செய்ய வேண்டாம், அது துஆ ஏற்கப்படும் நேரமாக அமைந்துவிடலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஆத்திரம் தாங்காவிட்டால், "அல்லாஹ் உனக்கு ஹிதாயத் தரட்டும்" என்று திட்டுங்கள்! நாக்கைப் பழக்கினால் பழகிவிடும்.

மூன்று, பாகுபாடு. வீட்டில் புதிய குழந்தை பிறந்ததும் மூத்த பிள்ளைக்கு அடம் கூடுகிறது. விட்டுப்போன விரல் சூப்பும் பழக்கம் திரும்பி வருகிறது. "பொறாமைக்காரி" என்று பெயர் வைத்துவிடுகிறோம். யூஸுஃப் (அலை) அவர்களின் சகோதரர்கள், தந்தைக்கு நம்மைவிட யூஸுஃபும் அவர் தம்பியும்தான் பிரியம் என்று நினைத்தார்கள். அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அந்த அத்தியாயம் முழுவதும் படிக்கிறோம். கைக்குழந்தையைத் தூங்கவைத்த பிறகு பத்து நிமிடம் மூத்த பிள்ளைக்கு என்று ஒதுக்குங்கள். ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு அதற்குச் சாட்சியாக இருக்கும்படி நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை கேட்டபோது, பிள்ளைகளுக்கிடையே நீதமாக நடக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

நான்கு, செல்போன். அழுதால் போன், சாப்பிட போன், பயணத்தில் போன். பிள்ளையின் வாய் மூடிவிடுகிறது, உண்மைதான். ஆனால் கவலை வந்தால் ஒரு மனிதரிடம் சொல்ல வேண்டும், கொஞ்ச நேரம் பொறுத்தால் கவலை தணியும் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்ளும் வாய்ப்பு போய்விடுகிறது. யஃகூப் (அலை) அவர்களிடம் மகன் யூஸுஃப் தாம் கண்ட கனவை ஓடிவந்து சொன்னார். தந்தை கேட்டார்கள், மதித்துப் பதில் சொன்னார்கள். நம் பிள்ளை கனவைச் சொல்ல வரும்போது நம் கையில் என்ன இருக்கிறது?

வெளிநாட்டில் இருக்கும் அத்தாமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீடியோ காலில் பேசக் கிடைப்பதே பத்து நிமிடம். அதில் ஐந்து நிமிடம் அம்மா பிள்ளையைப் பற்றிப் புகார் சொல்கிறார், ஐந்து நிமிடம் அத்தா திட்டுகிறார். லீவில் ஊருக்கு வரும்போது பிள்ளை பக்கத்தில் வர மறுக்கிறது. அபூஉமைரிடம் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டதைப் போல, இன்று என்ன விளையாடினாய், எதற்காக அழுதாய், பூனைக்குட்டி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

இன்னொரு விஷயம். சில பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற பேச்சு வராமல் இருக்கலாம். தினமும் கட்டுக்கடங்காத ஆத்திரம் இருக்கலாம். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். அதை அடம் என்று முடிவு கட்டி அடித்துவிடாதீர்கள். ஓதிப் பாருங்கள், அது சுன்னத். குழந்தை மருத்துவரிடமும் காட்டுங்கள், மருத்துவம் செய்யச் சொன்னதும் அதே நாயகம் (ஸல்) அவர்கள்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பள்ளிவாசலும் பிள்ளைகளும்

ஜமாஅத்தார்களே! நாயகம் (ஸல்) அவர்கள் பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டே தொழுதிருக்கிறார்கள். பிள்ளை அழும் சத்தம் கேட்டால், தாய்க்குச் சிரமமாகுமே என்று தொழுகையைச் சுருக்கியிருக்கிறார்கள். ஸஜ்தாவில் இருக்கும்போது பேரர் முதுகில் ஏறிக்கொண்டார். அவராக இறங்கும் வரை ஸஜ்தாவை நீட்டினார்கள். வஹீ வந்ததோ என்று ஸஹாபாக்கள் நினைக்கும் அளவுக்கு நீண்டது. நான் என்ன செய்தேன்? மைக்கில் கத்தினேன்.

அதற்காகப் பிள்ளைகள் தொழுகையைக் கலைத்துக்கொண்டே இருக்கட்டும் என்று சொல்லவில்லை. கூட்டி வருபவருக்குப் பொறுப்பு உண்டு. பிள்ளையைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நான்கு பிள்ளைகளைச் சேர்த்துக் கடைசி ஸஃப்பில் விட்டால் விளையாட்டுத்தான் நடக்கும். வருவதற்கு முன் வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள். அழுகை அடங்காவிட்டால் மெதுவாகத் தூக்கிக்கொண்டு வெளியே போய், அடங்கியதும் வாருங்கள். பெரியவர்களே, நீங்கள் ஒரு சிரிப்பு சிரியுங்கள், போதும்.

அந்தப் பிள்ளை

சொல்கிறேன் என்று சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். தெருவில் அந்தப் பெரியவர் அப்படிச் சொன்ன பிறகு இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பையன் திண்ணையில் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். நான் திண்ணையில் ஏறாமல் கீழே படியில் உட்கார்ந்தேன். "அன்னைக்கு நான் கத்துனது தப்பு. என்னை மன்னிச்சிரு" என்றேன். பதில் இல்லை. அவன் கையில் ஒரு பொம்மை ஆட்டோ. ஒரு சக்கரம் இல்லை. "ஆட்டோவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

ஹஜ்ரத்துமார்கள் எத்தனையோ பயான் செய்கிறோம். எனக்குத் தெரிந்து நான் கேட்ட மிகச் சிறந்த பயான் அன்று அந்தப் பிள்ளை செய்ததுதான். சக்கரம் எப்படிக் கழன்றது, எந்தச் சாக்கடையில் விழுந்தது, அம்மா ஏன் எடுக்க விடவில்லை என்று பத்து நிமிடம் சொன்னான். மறுநாள் அஸருக்கு நன்னாவின் விரலைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வந்தான்.

சென்ற வருடம் அந்த ஊருக்குப் போயிருந்தேன். பெரியவர் மௌத்தாகிவிட்டார், அல்லாஹ் அவருக்கு ஜன்னத்துல் ஃபிர்தௌஸைத் தருவானாக. அந்தப் பையன் கல்லூரியில் படிக்கிறான். முதல் ஸஃப்பில் நின்று தொழுதான். "உனக்குப் பழைய விஷயமெல்லாம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "ஆட்டோவும் ஞாபகம் இருக்கு ஹஜ்ரத், அந்த மைக்கும் ஞாபகம் இருக்கு" என்றான். மன்னிப்புக் கேட்டேன், மன்னித்துவிட்டான். ஆனால் நான் எழுதியதை என்னால் அழிக்க முடியவில்லை. ஐந்து வயது உள்ளத்தில் எழுதப்படுவது அவ்வளவு ஆழமாகப் பதிகிறது.

ஆகவே இந்த வாரம் மூன்று அமல்களை நிய்யத் வைத்துக்கொள்வோம். பிள்ளை கத்தும்போது நாம் கத்தாமல் தரையில் உட்காருவோம். தினமும் ஒருமுறை, அவரவர் பிள்ளையின் 'குருவி' எதுவோ அதைப் பற்றி விசாரிப்போம். நாம் தவறாக நடந்திருந்தால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்போம்; அதனால் நம் மரியாதை குறையாது, மன்னிப்புக் கேட்பது எப்படி என்று பிள்ளை கற்றுக்கொள்ளும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! எங்கள் கோபத்தால் அவர்கள் உள்ளத்தில் உண்டான காயங்களை உன் ரஹ்மத்தால் ஆற்றுவாயாக! உன் பள்ளிவாசலையும் பாங்கு சத்தத்தையும் அவர்களுக்குப் பிரியமானதாக ஆக்கித் தருவாயாக! பிள்ளை இல்லாதவர்களுக்கு ஸாலிஹான சந்ததிகளைத் தருவாயாக! கேட்டதைக் கொண்டு அமல் செய்ய எனக்கும் உங்களுக்கும் வல்ல ரஹ்மான் தௌஃபீக் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.